ஞானி இன்றும் சாப்பிடவில்லை

ஜூன் 3, திங்கள்

கீழ்வீட்டு ஜோதிலிங்கம் ஐயாவும் அவர் மனைவி அஞ்சலாட்சி அம்மாவும் இன்று காலை காசிக்குக் கிளம்பிவிட்டார்கள். பதினைந்தாம் தேதிதான் திரும்புவார்கள். போகும்போது வீட்டுச் சாவியையும் ஞானியையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சாவியால் தொந்தரவு இல்லை. ஆணியில் மாட்டினால் தன்பாட்டுக்குத் தொங்குகிறது.

ஞானி என்பது பூனை. மஞ்சளில் கோடு போட்ட கடுவன். இந்த மஞ்சக்குப்பம் வீடே அதன் பெயரில் பதிவாகியிருப்பது போலவும், நாங்கள் எல்லோரும் அதன் தயவில் குடியிருப்பது போலவும் ஒரு பார்வை பார்க்கும்.

"பொறந்ததுலேருந்து சைவம்மா இவன்," என்றார் ஐயா, ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "பால் சோறு, தயிர் சோறு, நெய் விட்ட பருப்பு. அன்பா வளத்தா எந்தச் சீவனும் மாறும். நீங்களும் சுத்த சைவம்ங்கறதாலதான் நம்பி விட்டுட்டுப் போறன்."

நான் பக்தியோடு தலையாட்டினேன்.

சுத்த சைவம்! எழுதும்போதே கை கூசுகிறது. எனக்கும் என் கணவர் குற்றாலிங்கத்துக்கும் ஊர் தூத்துக்குடி. இவருக்கு மின்வாரியத்தில் மாற்றல் வந்து கடலூருக்கு வந்தோம். வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் ஏதாவது நொட்டை. ஒன்றில் தண்ணீர் வராது, இன்னொன்றில் வெளிச்சம் வராது. இந்த மாடி மட்டும்தான் காற்றும் வெளிச்சமுமாக, என் தையல் மெஷினுக்கு ஜன்னலோரத்தில் இடத்தோடு அமைந்தது. ஆனால் ஐயா சன்மார்க்க சங்கத்துக்காரர். புலால் தின்கிறவர்களுக்கு வீடு கிடையாது. "தெக்கத்திக்காரங்களா? சைவந்தான?" என்று அவர் கேட்டபோது இவருக்கு இருமல் வந்தது. இருமும்போது தலை ஆடியது. அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீடு பார்க்க என்று பூசிய விபூதியை இவரால் இன்றுவரை விட முடியவில்லை. நெற்றி அரிக்கிறதாம்.

எட்டு மாதமாக இந்த மாடிக்குள் மீன் நுழையவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஞானி சாப்பிடவில்லை.

தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தேன். வந்தது, முகர்ந்தது, பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைச் சுரண்டிச் சுரண்டி மூடுகிற மாதிரி செய்தது. பூனை எதை அப்படி மூடும் என்று எனக்குத் தெரியும். என் தயிர் சாதத்தை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுப் புருஷோத்தமன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். அவரும் சங்கத்துக்காரர். ஐயா அவரிடமும் 'கொஞ்சம் பாத்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்களைத்தான்.

"என்னாம்மா, நம்ப ஞானி எப்படி இருக்கான்? அவனைப் பாத்துட்டுதான் எம் பொண்ணோட பூனை மல்லியையும் ஆறு மாசமா பால் சோத்துலயே வளக்குறன்," என்றார்.

"நல்லா இருக்கான் அண்ணே," என்றேன்.

இன்று வீடு அமைதியாக இருந்தது. அஞ்சலாட்சி அம்மா இருந்தால் தினமும் ஐயா தூங்கும் மத்தியான நேரத்தில் மிக்சி அலறும். சாம்பிராணிப் புகை மாடிவரை வரும். நல்ல பக்தி. ஆனால் அப்படி என்னதான் அரைப்பார்களோ, ராத்திரி தோசைக்கு அவர்கள் தொட்டுக்கொள்வது பொடிதான்.

ஜூன் 5, புதன்

பால் சோறு: இல்லை. நெய்ப் பருப்பு: இல்லை. இட்லியை நெய்யில் முக்கி வைத்தேன்: இல்லை. அந்த இட்லியை நானே தின்றேன்.

ஜூன் 6, வியாழன்

காசியிலிருந்து போன். ஐயா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். பின்னணியில் மணிச் சத்தம்.

"ஞானி சாப்புடுதா?" என்று அஞ்சலாட்சி அம்மா குரல்.

பொய் சொல்ல வாய் திறந்தேன். "கொஞ்சம் கம்மியா..." என்று வந்தது.

பிறகு அம்மா சொன்னார்கள்: "வடிவு, மத்தியானத்துல சட்னி அரைம்மா."

"சட்னியா? பூனைக்கா?"

"அதுக்கு இல்லம்மா. நீ அரை. அந்தச் சத்தம் அதுக்குப் பழக்கம். அப்புறம் சாம்பிராணி போடு. கதவைச் சாத்திக்கிட்டு... கொஞ்சம் மனசு வச்சி... ஏதாவது நல்லதா குடும்மா."

"அதான் சொல்லிட்டியே, தயிர் சோறு குடுக்கும் அந்தப் பொண்ணு," என்றார் ஐயா. போன் கட்டாகிவிட்டது.

பாவம், வயதாகிவிட்டால் இப்படித்தான். பூனை பட்டினி கிடக்கிறது, இவர்களுக்குச் சட்னிக் கவலை.

ஜூன் 7, வெள்ளி

நான்கு நாளாக வெறும் தண்ணீர்தான். இன்று காலையில் என் மெஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்தது. வெட்டி வைத்திருந்த ப்ளவுஸ் துணி மேலேதான். திட்ட வாயெடுத்தேன், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வயர் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். டாக்டர் மெஹருன்னிஸா, சின்னப் பெண். ஞானியின் வாயைத் திறந்தார், வயிற்றை அமுக்கினார், கண்ணில் டார்ச் அடித்தார். அது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. அதுவே நல்ல அறிகுறி இல்லை.

"காய்ச்சல் இல்ல. வீட்டு ஆளுங்களைக் காணோம்னு ஏங்குது. ஆனா பூனை இப்படிப் பட்டினி கெடந்தா ஈரல்ல கொழுப்பு படிஞ்சிரும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். வழக்கமா என்ன சாப்பிடும்?"

"சைவம் டாக்டர். பொறந்ததுலேருந்து."

அவர் என்னைப் பார்த்தார். ஞானியைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "யார் சொன்னா? மீன், கறியில இருக்கிற சத்து ஒண்ணு பூனைக்குக் கண்டிப்பா வேணும். அது இல்லாட்டிக் கண்ணு மங்கும், இதயம் வீங்கும். இவருக்குக் கண்ணு ரெண்டும் முழிச்சிக்கிட்டு இருக்கு, முடி பளபளன்னு இருக்கு. இவர் சைவம்னா நான் பூனை. மீனை உப்பு, வெங்காயம் ஒண்ணும் போடாம வேக வச்சு, முள் எடுத்து, வெதுவெதுப்பாக் குடுங்க. சூட்டுல வாசம் எழும்புனாத்தான் அதுக்கு ஆசை வரும்."

ஊசி ஒன்று போட்டு அனுப்பினார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஞானி தெருவில் எங்கேயோ திருடித் தின்கிறது போலிருக்கிறது. ஐயாவிடம் சொன்னால் நெஞ்சே வெடித்துவிடும். அவர் கூட்டத்துக்குக் கூட்டம் இதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறவர்.

இப்போது என் நிலைமை இதுதான். பூனைக்கு ஏதாவது ஆனால் வீடு போகும். மீன் வாசம் வெளியே போனாலும் வீடு போகும். இவரிடம் சொன்னேன். விபூதியைத் தடவிக்கொண்டார்.

"அப்பம் மீன் வாங்கணும்னு சொல்லுத," என்றார். அந்த முகத்தில் கவலை இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 8, சனி

மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் கயிறு கட்டி நிற்கிறது. நாட்டுப்படகில் வந்த கிழங்கான் கொஞ்சம்தான் இருந்தது. அதற்கு வெள்ளி விலை. அரைக் கிலோ வாங்கி, மேலே முருங்கைக்கீரை பரப்பி எடுத்து வந்தேன். வாசலில் புருஷோத்தமன்.

"கீரையாம்மா?"

"ஆமாண்ணே, உடம்புக்குக் குளிர்ச்சி."

ஜன்னலெல்லாம் சாத்தி, சாம்பிராணி போட்டு, உப்பில்லாமல் வேக வைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாகத் தட்டில் வைத்தேன். அறையெல்லாம் அந்த வாசம். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வாசம்.

ஞானியின் மூக்கு துடித்தது. எழுந்தது. தட்டுவரை வந்தது. வாசலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி வாசலைப் பார்த்தது. போய்ப் படுத்துக்கொண்டது.

விரலில் எடுத்து உதட்டில் தடவினேன். நக்கக்கூட இல்லை.

வெந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டேன். வெந்திருந்தது. இன்னொரு துண்டும் வெந்திருந்தது.

இதை எழுதும்போது பயமாக இருக்கிறது. வீட்டைப் பற்றி அல்ல. அது மூச்சு விடுகிறதா என்று மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஞானி சாப்பிட்டது!

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன். காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்சியைப் போட்டேன். மெஷினுக்கு அடியில் செத்த மாதிரி கிடந்த பூனை அம்பு போலப் பாய்ந்து வந்தது. நேற்றைய மீனைச் சூடுபடுத்தித் தட்டில் வைத்திருந்தேன். அதில் முகத்தைப் புதைத்துத் தின்றது. தின்னும்போது உர்ர்ர் என்று ஓர் உறுமல். மிக்சியை நிறுத்தினேன். உறுமல் நின்றது. தின்பதும் நின்றது. தலையைத் தூக்கி, 'என்ன காரியம் செய்தாய்?' என்று என்னைப் பார்த்தது.

"ஏ வடிவு, நிறுத்தாத! ஓட்டு ஓட்டு!" என்று குளியலறையிலிருந்து தலையில் சோப்போடு ஓடி வந்தார் இவர்.

ஓட்டினேன். தின்றது. நிறுத்தினேன். நின்றது. தட்டு காலியாகும்வரை வெறும் ஜாரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மத்தியான மிக்சி. மத்தியான சாம்பிராணி. 'சட்னி அரைம்மா.' மீன் தின்றால் ஞானி உறுமும். அந்த உறுமல் ஐயாவின் காதில் விழாமலிருக்க மிக்சி. வாசத்துக்குச் சாம்பிராணி. மிக்சி ஓடாமல் மீன் தின்றால் மாட்டிக்கொள்வோம் என்று பூனைக்கே பாடம் ஆகியிருக்கிறது!

வயதாகிவிட்டது என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். இருக்கட்டும்.

ஜூன் 10, திங்கள்

வெறும் ஜாரை ஓட்டி ஓட்டி மிக்சி புகைந்துவிட்டது. ஞானி பாதித் தட்டில் நிறுத்திவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தை எழுதி வைக்க வேண்டும். போனில் தேடி ஒரு வீடியோ எடுத்தார். யாரோ ஓர் அம்மாள் இட்லிப்பொடி அரைக்கிறார்கள். அதைச் சத்தமாக வைத்து ஞானிக்குப் பக்கத்தில் வைத்தோம். முதலில் போனை முகர்ந்தது. பிறகு சாப்பிட்டது. அந்த அம்மாள் நடுவில் நிறுத்தி 'பெருங்காயம் சேர்த்துக்கோங்க' என்று சொல்லும்போது மட்டும் இதுவும் நிறுத்திக்கொள்கிறது.

புருஷோத்தமன் சுவருக்கு மேலே. "என்னம்மா, ரெண்டு நாளா ஏதோ வாசம்?"

"சாக்கடை அடைச்சிருக்கு அண்ணே."

"ஆமா ஆமா, எனக்கும் சாக்கடைனுதான் தோணுச்சி," என்றார். சாக்கடையாம்! நாட்டுப்படகு மீனை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று வஞ்சரம். பூனைக்கு முள் குறைவான மீன்தான் நல்லது, அதனால்தான். ஒரு கிலோவுக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்றார்கள். ஞானிக்கு ஒரு துண்டை வேக வைத்தேன். மிச்சத்தை அப்படியே வைத்தால் கெட்டுப்போகும். கெடாமலிருக்க மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு தடவினேன். தடவியதைச் சும்மா வைப்பானேன் என்று பொரித்தேன். பொரித்ததைக் கொட்டவா முடியும்? எல்லாம் அந்தப் பூனையால் வந்த வேலை.

இவர் நான்கு துண்டு. நான் எத்தனை என்று எண்ணவில்லை.

ஜூன் 13, வியாழன்

ஒரு தையலும் ஓடவில்லை. சனியன் காலையிலிருந்து என் மடியிலேயே தூங்குகிறது. மூன்று ப்ளவுஸ் நாளைக்குக் கொடுக்க வேண்டும். எழுப்பலாம்தான். இப்போதுதான் உடம்பு தேறி வருகிறது, டாக்டர் கோபித்துக்கொள்வார்.

ஜூன் 15, சனி

காசிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஐயா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கங்கைப் படித்துறை ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம் என்று நின்றபடியே பத்து நிமிடம் சொன்னார். பிறகு ஞானியைத் தூக்கினார். தூக்கியவர் முகம் மலர்ந்தது.

"எடை கூடியிருக்கான்! பாத்தியா அஞ்சலாட்சி? தயிர் சோத்துலயே எப்படித் தெளிஞ்சிருக்கான்! அடுத்த ஞாயித்துக்கிழமைக் கூட்டம் நம்ம வீட்டுலதான். இந்தப் பொண்ணை விட்டுப் பேசச் சொல்லப் போறன்."

அஞ்சலாட்சி அம்மா ஞானியின் வாய்க்கருகில் மூக்கை வைத்து ஒரு முறை மூச்சை இழுத்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கங்கைத் தீர்த்தச் செம்பை என் கையில் கொடுத்தபோது கையை ஓர் அழுத்து அழுத்தினார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

தடை முடிந்து படகுகள் வந்திருக்கின்றன. ஐயா சங்கத்துக்குப் போன நேரம் பார்த்து அம்மா மாடிக்கு வந்தார்கள். நான் அவசரமாகச் சாம்பிராணியை ஊதினேன்.

"என்னா மீனு?" என்றார்கள்.

"மீனா? என்னம்மா நீங்க..."

"வடிவு, நான் தேவனாம்பட்டினத்துல பொறந்தவ. கடலுக்கு நூறு அடி. எங்கிட்டயே சாம்பிராணியா?"

சங்கரா என்று சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்கள். தட்டு வைத்தேன். முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே சாப்பிட்டார்கள். பாதிக்கு மேல் போன பிறகுதான் வாய் திறந்தார்கள்.

"அவரு சங்கத்துல சேந்து இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. அவரு வுட்டாரு, மனசார வுட்டாரு. நானும் வுட்டன்னு அவரு நெனச்சிக்கிட்டாரு. நாலு வருஷத்துக்கு முன்னால இது குட்டியா வந்துது. ஒரு நாளு ஒரே ஒரு துண்டு இதுக்குன்னு வாங்கியாந்தன். ஞானி வந்தப்புறந்தான் எனக்கு ஒரு சாக்கு கெடச்சுது."

"நான் அப்படி இல்லம்மா. நான் பூனைக்காகத்தான் வாங்கினேன்," என்றேன்.

அம்மா என் தட்டைப் பார்த்தார்கள். "ஆமா ஆமா," என்றார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

கீழே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஞானி நடுவில் ஜமக்காளத்தில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. நான் பேச வேண்டியதை இவர் நேற்றே எழுதிக் கொடுத்திருந்தார். தயிர் சோறு, அன்பு, பொறுமை. நான்கு வரி. பேசிவிட்டு மேலே வந்துவிட்டால் வீடு நிலைக்கும்.

ஐயா என்னை அழைத்த நேரம் புருஷோத்தமன் எழுந்தார். கையில் கூடை. திறந்தார். மல்லி.

நான் அதைக் கிட்டத்தில் பார்த்து ஒரு மாதம் இருக்கும். வெள்ளைக் குட்டி. முடியெல்லாம் திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தது. கூடையிலிருந்து இறங்கி நாலடி நடந்து, மேஜைக் காலில் முட்டிக்கொண்டு நின்றது. மேஜைக் கால் அங்கே இருப்பது அதற்குத் தெரியவில்லை.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரியேதான் குடுக்குறன். பால் சோறு, தயிர் சோறு. ஞானி மட்டும் இப்படித் தெளிஞ்சி கெடக்குது, எம் மல்லி ஏன் இப்படி ஆவுது? எம் பொண்ணு ராவும் பகலும் அழுவுறா. நான் எங்க தப்பு பண்றன்?" என்றார். சுவருக்கு மேலே நீளுகிற அந்த மூக்கு சிவந்திருந்தது.

ஐயா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எப்படி ஊட்டுன, என்னா பக்குவம், வெவரமா சொல்லு அவருக்கு."

எதிரே இவர் கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு அந்த ஜன்னலோரம் ஞாபகம் வந்தது. வெளிச்சம் ஞாபகம் வந்தது. மல்லி மறுபடி அதே மேஜைக் காலில் முட்டியது.

"மீன் குடுத்தேன் ஐயா," என்றேன்.

புருஷோத்தமன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"நாங்க சைவம் இல்ல. அன்னைக்கு இவுக இருமுனதை நீங்க ஆமான்னு எடுத்துக்கிட்டீங்க, நாங்களும் பேசாம இருந்துட்டோம். ஞானி பட்டினி கெடந்து சாவப் பாத்துச்சு, மீன் குடுத்துதான் பொழைச்சுது. அண்ணே, நீங்க ஒரு தப்பும் பண்ணல. பூனைக்கு மீனோ கறியோ இல்லாட்டிக் கண்ணு போயிரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னைக்கே தூக்கிட்டுப் போங்க, நான் கூட வாரேன்."

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. "பன்னெண்டு நாளு," என்றார். "இந்தப் பன்னெண்டு நாளுதான? அதுக்கு முன்னால நாலு வருஷம் அவன் சைவமாத்தான இருந்தான்?"

நான் தரையைப் பார்த்தேன். அதை நான் சொல்லமாட்டேன். அது என் வாயால் வராது.

அஞ்சலாட்சி அம்மா டம்ளர் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார்கள். தட்டைக் கீழே வைத்தார்கள்.

"நாலு வருஷமா நான்தாங்க குடுத்தன். நீங்க தூங்குற நேரத்துல."

ஐயா அவர் பக்கம் திரும்பினார். பிறகு, குழந்தை கேட்பது போல மெல்லக் கேட்டார்: "நீயும் தின்னியா?"

"முள்ளு எடுத்துக் குடுக்கறப்ப ருசி பாக்காம எப்புடிங்க?"

யாரோ ஒருவர் இருமினார். ஞானி எழுந்து நெட்டி முறித்துக்கொண்டு அம்மாவின் காலில் போய் உரசியது. ஐயா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 24, திங்கள்

கீழே பேச்சுச் சத்தம் இல்லை. இவர் நெற்றியில் விபூதியும் இல்லை.

ஜூன் 26, புதன்

இவர் மாலையில் இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்தார். ஒன்றில் ஜன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறதாம். "லைட்டு போட்டுத் தைச்சுக்கிடலாம்," என்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஞானி வந்து பார்த்துவிட்டு என் ப்ளவுஸ் துணி மேல் படுத்துக்கொண்டது. காலி பண்ணிப் போகும்போது இதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

ஜூன் 28, வெள்ளி

மல்லியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஐயா உட்கார்ந்திருந்தார், புருஷோத்தமன் பக்கத்தில். ஐயா மடியில் கூடை. நான்கு நாளாக இருவரும் சேர்ந்துதான் வருகிறார்களாம்.

டாக்டர் மெஹருன்னிஸா சொல்லச் சொல்ல ஐயா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். போன பார்வை முழுசாகத் திரும்பாது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் ஐயா என்னிடம் பேசினார். ஒரே ஒரு பேச்சு.

"சீவகாருண்யம்னு ஊரெல்லாம் பேசிட்டு, ஒரு சீவனோட கண்ணை நான் எடுத்துட்டனேம்மா."

அவர் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் மொட்டை மாடியில் ஏதோ இழுபடும் சத்தம். ஏறிப் பார்த்தால் ஐயா. ஒரு கையில் டேப், இன்னொரு கையில் சுண்ணாம்பு வாளி. டேப்பின் மறுமுனையை இவர் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்! தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமாகச் சுவருக்குச் சுவர் நேராக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. சர்வேயர் போட்ட கோடு, நூல் பிசகவில்லை.

"வீட்டுக்குள்ள விதி விதிதான்," என்றார் ஐயா, என் முகத்தைப் பார்க்காமல். "கீழயும் சரி, உங்க மாடியிலயும் சரி, அதுல மாத்தம் கெடயாது. ஆனா மொட்டை மாடில இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு இல்ல. கூரை இல்லாத எடத்தை நான் வீடுன்னு அளந்ததே இல்ல. அங்க அடுப்பு வச்சிக்கலாம். மீனு ஆக்கலாம்." வாளியைக் கீழே வைத்தார். "பூனைக்கு மட்டும்."

"சரிங்க ஐயா," என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் மறுபடி அழுதிருப்பேன்.

"காலி பண்றன்னு யாரோ வீடு பாத்துட்டு அலையிறதா கேள்விப்பட்டன்," என்றார் இவரைப் பார்த்து. "கெடைச்ச எடத்துல இருங்க." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, யாரிடமும் சொல்லாமல் எல்லோரிடமும் சொல்கிற குரலில், "நான் சங்கத்துக்குப் போய்ட்டு வர மூணு மணி ஆவும்," என்றார்.

அவர் வாசலைத் தாண்டிய சத்தம் கேட்டதும் அஞ்சலாட்சி அம்மா மண்ணெண்ணெய் அடுப்போடு ஏறி வந்துவிட்டார்கள். கை இடுக்கில் மூன்று தட்டு. கோட்டை ஜாக்கிரதையாகத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்தோம். சாம்பிராணி போடவில்லை. சுவருக்கு மேலே புருஷோத்தமனின் தலை தெரிந்தது. "மல்லிக்கு ஒரு துண்டு வைங்கம்மா," என்றார்.

சுறாப்புட்டு, நெத்திலி வறுவல். வயிறு முட்டச் சாப்பிட்டோம். ஞானிக்கும் கொஞ்சம் வைத்தோம்.